பல் முளைத்த கடற்பறவையும் ஒரு பிடி மண்ணும்

வெளிநாடு போகிறவர்களுக்கு மொழி தெரியாததால் தொல்லை வரும் என்பார்கள். எனக்கு அந்தக் குறையே இல்லை. நான் பினாங்கில் பிறந்து, பினாங்கிலேயே வளர்ந்து, அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருப்பவன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலத்தில், நாற்பதாவது வயதில், முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தேன். புதுக்கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் போர்ட்டரும் ஜட்காக்காரரும் என் பெட்டிக்காகச் சண்டை போட்டார்கள். சுத்தமான தமிழ்ச் சண்டை. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. இனி நமக்கு என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு மூன்று வாரம் தாங்கியது.

நான் வந்தது ஒரு பறவைக்காக. மனிதன் என்று ஒருவன் தலைகாட்டாத காலம் அது. வீட்டைவிட உயரமான டைனோசர்கள் கரையில் நடமாடிக்கொண்டிருந்தன. அப்போது கடலோரத்தில் மீன் பிடித்துப் பிழைத்த ஒரு சின்னப் பறவைக்கு விஞ்ஞானிகள் இக்தியோர்னிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மீன்பறவை என்று அர்த்தமாம். பார்வைக்கு நம் கடற்கரையில் கூட்டமாகப் பறக்கும் ஆலாவைப் போலத்தான் இருக்கும். வாயைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். அலகு நெடுக வரிசையாகப் பல்.

எங்கள் பள்ளியில் ஆதிகால உயிர்களுக்கென்று ஒரு காட்சி அறை தயாராகிக்கொண்டிருந்தது. சுவரில் கடல் வரைந்து, அலை வரைந்து, முன்னால் ஒரு மேஜையும் போட்டாகிவிட்டது. மேஜைமேல் இந்தப் பறவை நிற்க வேண்டும். காகிதக் கூழில் ஒன்று செய்தேன், மாவுச்சாந்தில் இரண்டு செய்தேன். பினாங்கு ஈரத்தில் மூன்றுக்கும் அலகு தொங்கிப்போயிற்று. விஞ்ஞான ஆசிரியர் என்னைப் 'படக்காரர்' என்றுதான் கூப்பிடுவார். "படக்காரர் வாயால் செய்த பறவைதான் இதுவரை உருப்படியாக வந்திருக்கிறது" என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் நேரே ஐந்தாம் வகுப்புக்குப் போய், "பல்லுள்ள பறவையைக் கொண்டுவருவேன். அதன் வாய்க்குள் நீங்கள் விரலை விட்டுப் பார்க்கலாம்" என்று சத்தியம் செய்துவிட்டேன். நாற்பது பிள்ளைகள் கைதட்டினார்கள். பிள்ளைகளிடம் சொன்ன வாக்கைப்போல ஆளைத் துரத்துவது வேறு எதுவும் இல்லை.

எனக்கு முடிவெட்டுகிறவர் புதுக்கோட்டைக்குப் பக்கம் குளத்தூர்க்காரர். அவர்தான் வழி சொன்னார். அவர் ஊர்ப் பக்கம் வேளார்கள் ஆளைவிட உயரமாக மண் குதிரை செய்து சுட்டு, அய்யனார் கோயிலில் நிறுத்துவார்களாம். வெயில் மழை எல்லாவற்றிலும் அப்படியே நிற்குமாம். முடிவெட்டி முடிப்பதற்குள் நான் லீவு எழுத முடிவு செய்துவிட்டேன்.

புதுக்கோட்டையில் ஒரு லாட்ஜில் தங்கினேன். கீழே ஹோட்டல். முதல் நாள் காலையில் இட்லியும் சாம்பாரும் வந்தன. எங்கள் ஊர்க் கல் இட்லியின் ஞாபகத்தில் கொஞ்சம் பயத்தோடுதான் விரல் வைத்தேன். தொட்ட இடத்தில் உடைந்தது. ஆறு சாப்பிட்டேன். பிறகு 'கோப்பி' கேட்டேன். பரிமாறுகிறவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "மலாயாங்களா சார்?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "இங்கிட்டு யாரும் காப்பியக் கோப்பின்னு சொல்ல மாட்டாங்க. நீங்க டின் பால் தேடுவீங்க, அது இல்ல. பசும்பால்தான்" என்றார். டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் ஆற்றி ஒரு வாய் குடித்ததும், நாற்பது வருஷமாக டின் பாலுக்கு விசுவாசமாக இருந்தது வீண் என்று பட்டது.

அடுத்த நாள் பஸ். எங்கள் ஊரில் பஸ் நின்றால் மழை காரணமாக இருக்கும். இங்கே வெயில். பாதி வழியில் முன்பக்கம் ஆவி கிளம்பி, வண்டி ஒரு கண்மாய்க் கரையில் நின்றது. கண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு கண்மாயில் இறங்கினார். தண்ணீர் நடுவில் கொஞ்சம்தான் கிடந்தது. நாங்கள் எல்லாரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். மடியில் வெற்றிலைப் பையோடு ஒரு பெண்மணி சத்தமாகவே சொன்னார்: "இதுக்கு நான் மாட்டு வண்டியிலேயே போயிருப்பேன். மாடுன்னா தானா எறங்கிக் குடிச்சிட்டு வரும்." கண்டக்டர் கீழிருந்தே, "நாளைக்கு மாட்டையே பஸ்ஸுல கட்டிருவோம் ஆத்தா, நீங்க ஓட்டுங்க" என்றார். இருபது பேரும் சிரித்தோம். அதன்பின் இருபது பேரும் சேர்ந்து தள்ளினோம்.

முடிவெட்டுகிறவர் பெயர் எழுதிக்கொடுத்திருந்த சின்னையா வேளாரின் வீடு ஊருக்குக் கிழக்கே தனியாக இருந்தது. முற்றத்தில் தலையில்லாத ஐந்து குதிரைகள் நின்றன. வேளார் ஒரு குதிரை வயிற்றுக்குள் கையை முழங்கைவரை விட்டு உட்புறம் தடவிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். மண் காய்ந்த கையை வேட்டியில் துடைத்தபடி எழுந்தார்.

"வாங்க வாங்க, இங்கிட்டு நெழல்ல ஒக்காருங்க. மலாயாவுலேருந்தா வாரீங்க?"

நான் படத்தை விரித்தேன். பறவையை அதன் நிஜ அளவிலேயே வரைந்திருந்தேன். ஒரு சாணுக்குச் சற்று மேல். வேளாரின் மனைவி மீனாட்சி மோர் கொண்டுவந்தவர் படத்தை எட்டிப் பார்த்து, "ஆத்தாடி, பல்லு!" என்றார்.

"பறவைக்குப் பல்லுங்களா?" என்றார் வேளார்.

"ஆமாம். இந்தக் காலத்துப் பறவை இல்லை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இருந்தது."

"சரிங்க" என்றார், போன மாசம் இருந்தது என்று நான் சொன்னதுபோல. "எந்தச் சாமிக்குங்க?"

"சாமிக்கு இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு."

புருஷனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிங்க, சரிங்க" என்றார் வேளார். "அதெல்லாம் நாங்க கேக்கப்படாது. தப்புத்தான்." வாடிக்கைக்காரரின் சொந்த விஷயத்தில் தலையிடாத இந்த நாகரிகத்தை நான் மனத்துக்குள் பாராட்டினேன். எங்கள் ஊர்த் தையற்காரரிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்தால் கல்யாணம் யாருக்கு என்றுவரை கேட்பார்.

வெயில் தாழ்ந்ததும், "கோயில்வரைக்கும் போயிட்டு வருவோம் சார்" என்று கூட்டிப்போனார். மரங்களுக்கு நடுவே அய்யனார் கோயில். பூசாரியும் சின்னையா வேளாரேதான். வழியின் இரண்டு பக்கமும் குதிரைகள். கழுத்தில் மணி, நெற்றியில் பட்டம், அகல விழித்த கண். புதியவை முன்னாலும் பழையவை பின்னாலும், எல்லாவற்றுக்கும் பின்னால் கால் உடைந்தவையும் காது போனவையுமாகக் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. நான் வாயைப் பிளந்து நின்றேன். குதிரைகளின் காலடியில் சின்னச் சின்ன மண் உருவங்கள் கிடந்தன. பிள்ளை, மாடு, கால், கை, பாம்பு, தேள்.

"தேள் எதற்கு?" என்று கேட்டேன்.

"தேளு கடிச்சவுக, இனிமே கடிக்கப்படாதுன்னு நேந்துக்கிட்டு எடுத்து வச்சது. பாம்பும் அப்படித்தாங்க."

இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்தில் இன்றைக்கும் அது இருக்கிறது. எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

திரும்பப் புறப்படும்போது, கோயில் வாசலிலேயே, வேளார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி நின்றார். "ஒரு புடி மண்ணு எடுத்துக் குடுங்க சார். வேலையத் தொடங்கிருவோம்." மண்ணின் தரத்தை என்னைப் பார்க்கச் சொல்கிறார், ஓவியன் என்ற மரியாதை என்று நினைத்தேன். குனிந்து ஒரு பிடி அள்ளினேன். விரலால் தேய்த்தேன், மோந்துகூடப் பார்த்தேன். "அருமையான மண்" என்று சொல்லி அவர் கையில் போட்டேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றி, துண்டு முனையில் முடிந்துகொண்டார். 'தொழில்மேல் இந்த மனிதருக்கு எவ்வளவு பக்தி!' இதுவும் நோட்டில் இருக்கிறது.

பிறகு நாலு நாள் சும்மா சுற்றினேன். சித்தன்னவாசல் போய், குகையின் மேற்கூரையில் தாமரைக் குளம் தீட்டியிருப்பதை அண்ணாந்து பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. குளத்தில் மீன் இருந்தது, வாத்து இருந்தது. பல் இருக்கிறதா என்று வாத்தை மட்டும் உற்றுப் பார்த்தேன். வந்த வேலை அப்படி.

ஐந்தாம் நாள் வேளார் வீட்டுக்குப் போனால், குதிரைகளுக்குப் பக்கத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பறவையின் காலும் வயிறும் நின்றன. கழுத்தும் தலையும் இன்னும் வரவில்லை.

"இவ்வளவு பெரிசாவா?"

"படத்துல சாணுன்னா வேலையில மூணு முழங்க" என்றார் வேளார். "குதிரைக்கும் அதே கணக்குத்தான். படத்துல இருக்குற மாதிரியே செஞ்சா அய்யனாருக்கு… ஊருக்கு மத்தியில சிரிப்பாச் சிரிச்சிருவாக."

நிஜ அளவில் வரைந்தது என் தவறு. அந்தத் தொழிலில் எந்தப் படமும் நிஜ அளவில் இருக்காது என்பது எனக்கு எப்படித் தெரியும்? முதலில் கப்பலை நினைத்துக் கவலைப்பட்டேன். பிறகு விஞ்ஞான ஆசிரியரின் முகத்தை நினைத்தேன். அவர் உயரத்துக்கு ஒரு பறவை, பல்லைக் காட்டிக்கொண்டு, வகுப்பறை வாசலில் நிற்கும். "நல்லது, இப்படியே இருக்கட்டும்" என்றேன். எனக்குள் இருக்கும் சின்னப்புத்தி சில சமயம் மிகவும் உற்சாகமானது.

அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். முகத்தைவிட என் கையையும் காலையும்தான் அதிகமாகப் பார்த்தார்கள். என் முன்கையில் நீளமாக ஒரு தழும்பு உண்டு. மீனாட்சி அதைப் பார்த்து, "பாவம், எப்புடி வலிச்சிருக்கும்" என்று பெருமூச்சு விட்டார். "கூரைத் தகரம் கிழித்தது" என்றேன். பள்ளிக்கூடம் என்று சொன்னபோது வேளார் சொன்ன அதே மாதிரி "சரிங்க, சரிங்க" என்றார். எனக்கு மட்டும் இரண்டு முட்டை கூடுதலாக வைத்துச் சோறு போட்டார்கள். வாழை இலையில், கத்தரிக்காய்ப் புளிக்குழம்போடு. பினாங்கில் தட்டில் சாப்பிட்டுப் பழகிய எனக்குக் குழம்பு இலையைத் தாண்டி ஓடுவதைத் தடுப்பதே பெரிய வேலையாக இருந்தது.

பல்லில்தான் சிக்கல் வந்தது. வேளாருக்குக் குதிரைப் பல் கைவந்த கலை. கொடுத்தால் பறவைக்கும் கடலை மெல்லுகிற மாதிரி சப்பைப் பல்லாக வைத்துவிடுவார். இது கூராக, உள்பக்கம் வளைந்து இருக்க வேண்டும். சொல்லிப் புரியவைக்க முடியாமல், கண்ணால் பார்க்க ஏதாவது கொண்டுவருகிறேன் என்று கிழக்கே கடற்கரைக்குப் போனேன்.

ஜெகதாப்பட்டினத்தில் வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. எங்கள் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் இருக்கும், அதனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. இங்கே கடல் கலங்கலாக, அலையே இல்லாமல், ஊர்க் கண்மாய் கொஞ்சம் பெரிதானதுபோலப் படுத்திருந்தது. மேலே ஆலாக் கூட்டம். ஒவ்வொன்றாகச் சட்டென்று தலைகுப்புற விழுந்து, அலகில் வெள்ளியாக ஒன்றைக் கவ்விக்கொண்டு எழும்பின. இத்தனை கோடி வருஷத்துக்கு முன் என் பறவையும் இப்படித்தான் விழுந்து எழுந்திருக்கும். அதைப் பார்த்து நின்றபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

மீன் பிரித்துக்கொண்டிருந்த காளியம்மாள் என்ற பெண்மணியிடம் படத்தைக் காட்டினேன். அவர் கையைக் கழுவாமலே படத்தை வாங்கிப் பார்த்தார். அந்தச் செதில் இன்னும் அந்தப் படத்தில் ஒட்டியிருக்கிறது.

"இப்ப இருக்கா இது?"

"இல்லை. அழிந்துபோய்விட்டது."

"நல்லதாப் போச்சு. பல்லு இல்லாத ஆலாவே எங்களுக்குப் பாதிதான் மிச்சம் வைக்குது." மறுபடியும் படத்தைப் பார்த்தார். "ஆனா செஞ்சவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். வழுக்குற மீன வாயால புடிக்கணும்னா பல்லு வேணும்ல? அதுவும் உள்ளாக்க வளஞ்ச பல்லு. இந்தாங்க, சீலா மீனப் பாருங்க."

சீலாவின் தாடையைப் பிளந்து காட்டினார். ஊசி ஊசியாகப் பல். நான் கேட்டதும், காய்ந்து கிடந்த ஒரு பழைய தாடையைத் தேடி எடுத்து ஓலையில் சுற்றிக் கொடுத்தார். மதியம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. மீன்குழம்பின் காரத்தில் என் காதிலிருந்து புகை வந்தது. "மலாயாவுல ஒறப்பே இல்லையோ?" என்று அவர் கேட்டபோது நான் மூன்றாவது செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சீலாத் தாடையை வேளார் விளக்கைப் பிடிப்பதுபோலத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதச் சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார். அன்றைக்கே பல் வைக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றும் விரல் நீளம். எண்ணிப் பார்த்து மேலுக்கும் கீழுக்கும் ஒத்துவர வைத்தார். தலையில் கொண்டையும் கழுத்தில் மணியும் அவராகச் சேர்த்தார். கொண்டை வேண்டாம் என்று வாதாடி வென்றேன். மணி விஷயத்தில் தோற்றேன்.

இனிமேல் காய வேண்டும், பிறகு சூளை. பத்து நாளாகும் என்றார். எனக்கு நடுவில் வயிறு சரியில்லாமல் போய் லாட்ஜிலேயே கஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயுமாகக் கிடந்தேன். எழுந்து உட்கார்ந்த அன்று தந்தி வந்தது. பினாங்கிலிருந்து எங்கள் தலைமை ஆசிரியர் அடித்திருந்தார். படித்ததும் விட்டுப்போன வயிற்றுவலி திரும்பி வந்தது.

விஷயம் இதுதான். பறவைக்குப் பல்லே இல்லை என்று அமெரிக்காவில் இப்போது சொல்கிறார்களாம். பறவையின் எலும்போடு கிடந்த தாடை, கூடவே செத்துப்போன ஏதோ ஒரு குட்டிக் கடற்பல்லியுடையதாம். விஞ்ஞான ஆசிரியர் பத்திரிகையில் பார்த்தாராம். அவருக்கு வேறு என்ன வேலை? 'பல் இல்லாமல் கொண்டுவரவும்' என்று தந்தி முடிந்திருந்தது. வேறு பிராணியின் தாடையைப் பறவை வாயில் வைத்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சீலா மீன் தாடையை ஓலையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தானே.

கப்பலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கடைத்தெருவில் ஒரு அரம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். சுட்ட மண்தானே, பல்லை ஒவ்வொன்றாக ராவித் தள்ளிவிடலாம் என்று கணக்கு. பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கொட்டுச் சத்தம் கேட்டது. வேளார் வீட்டு முற்றம் காலியாக இருந்தது. ஓட்டமும் நடையுமாகத் தெரு திரும்பினால், ஊரே திரண்டு நிற்கிறது. மூங்கில்கள்மேல் குதிரைகள். வெள்ளையும் சிவப்பும் தீட்டி, மாலை போட்டு, ஒவ்வொன்றையும் எட்டு எட்டுப் பேர் தோளில் தூக்கியிருந்தார்கள். அய்யனாருக்குப் புரவி எடுக்கிற நாள் அன்று. ஐந்து குதிரைகளுக்குப் பின்னால், ஆறாவதாக, என் பறவை. உடம்பெல்லாம் வெள்ளை, அலகு சிவப்பு, கழுத்தில் சாமந்தி மாலை. மை தீட்டிய கண்ணை அகல விழித்து, பல்லெல்லாம் தெரிய, தெருவையே பார்த்துச் சிரித்துக்கொண்டு போனது.

"கடிபட்டவரு வந்துட்டாரு! வழி விடுங்க, வழி விடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டம் எனக்காக விலகியது. ஒருவர் என் தலையில் சிவப்புத் துணியைக் கட்டினார். இன்னொருவர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். மீனாட்சி பக்கத்தில் வந்து, "இனிமே அது ஒங்களக் கடிக்காது சார், பயப்படாதீங்க" என்றார். தேளும் பாம்பும் எதற்கென்று என் நோட்டில் நானே எழுதியிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலாயாவில் இப்படி ஒரு பறவை உண்டு, அது என்னைக் கையில் கடித்துக் கிழித்திருக்கிறது, நான் கடல் கடந்து வந்து நேர்த்திக்கடன் செலுத்துகிறேன். இதுதான் ஊர் முழுக்க விளங்கிக்கொண்ட கதை. வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்பதால் நான் பள்ளிக்கூடம், தகரம் என்று மழுப்புகிறேனாம்.

முன்னால் போய்க்கொண்டிருந்த வேளாரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "நிஜமாகவே இது பள்ளிக்கூடத்துக்குத்தான். நான் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றேன். தந்தியைக் காட்டினேன்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. "நீங்கதானே சார் கோயில் மண்ணு எடுத்துக் குடுத்தீங்க? புடிமண்ணு குடுத்தா அது அய்யனாருக்கு எடுக்குறேன்னு அர்த்தம். அத மண்ணோட பெசஞ்சுதான் செஞ்சேன்."

நான் மோந்து பார்த்துக் கொடுத்த மண்.

வேளார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "புடிமண்ணுன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதுன்னு நான் நெனைக்கல. தப்பு எம்மேலதான். எறக்கச் சொல்றேன் சார். கண்ணு தொறந்தத எறக்குனா ஊருக்கு ஆகாதும்பாக. அடுத்த தடவ எனக்குப் புடிமண்ணு குடுக்க மாட்டாக. அத நான் பாத்துக்கிறேன்."

அவர் எட்டு ஆட்களையும் பார்த்துக் கையை உயர்த்தப் போனார். என் பையில் அரம் இருந்தது. நாற்பது பிள்ளைகளும் மனத்தில் இருந்தார்கள். ஆனால் வெயிலில் அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்த்த பிறகு, அந்தக் கையை உயர விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. "நடங்க வேளாரே" என்றேன். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பறவைக்கு முன்னால் நானும் நடந்தேன். கோயிலில் முதல் தேங்காய் எனக்குத்தான் உடைத்தார்கள். வாழ்நாளில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை, இனிமேலும் கிடைக்கப்போவதில்லை.

மறுநாள் காலை வேளாரே லாட்ஜுக்கு வந்துவிட்டார். "சின்னதா ஒண்ணு செஞ்சுருவோம் சார். ஒரு சாணு. வெயில்ல காய வச்சு, மூணாம் நாளு சுட்டுக் குடுத்துர்றேன்." நான் உடனே எழுந்து, மண் எங்கே எடுக்கலாம் என்று கேட்டேன். "மண்ண நான் எடுத்துக்கிறேன்" என்றார் அவசரமாக. "நீங்க எதையும் தொடாதீங்க."

செய்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலகு வந்ததும், "பல்லு?" என்று கேட்டார். தந்தியைப் பார்த்தேன். "வேண்டாம்" என்றேன். மீனாட்சிக்குத் தாங்கவில்லை. "பல்லு இல்லாம மீன எப்புடிப் புடிக்கும்?" என்றார். எனக்கும் அது தெரியவில்லை. வைக்கோலும் வறட்டியும் அடுக்கி அந்தக் குட்டிப் பறவையைச் சுட்டுக் கொடுத்தார்கள். கப்பலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

பினாங்கில் காட்சி அறையைத் திறந்த அன்று ஐந்தாம் வகுப்பு வரிசையாக வந்தது. முதலில் வந்த பெண் பிள்ளை அலகுக்குள் விரலை விட்டுத் துழாவியது. "பல் எங்கே சார்?" என்று கேட்டது. இருந்தது, இப்போது இல்லை என்கிறார்கள் என்றேன். அடுத்த முப்பத்தொன்பது பேரும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அவர்கள் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விஞ்ஞான ஆசிரியர் 'இதற்குப் பல் இருந்ததாக முன்பு தவறாகக் கருதப்பட்டது' என்று ஒரு அட்டை எழுதி, பறவையின் காலடியில் சாய்த்து வைத்தார். அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டுதான் பல வருஷம் வகுப்புக்குப் போனேன்.

இப்போது அறுபதுகளும் முடியப் போகின்றன. அந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன மாதம் விஞ்ஞான ஆசிரியர் ஒரு பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "படக்காரரே, அந்தத் தாடை பறவையுடையதுதான் என்று மறுபடியும் வாதாட ஆரம்பித்திருக்கிறார்கள். பல் இருந்திருக்கும் போலிருக்கிறது" என்றார். காளியம்மாள் மீன் பிரித்துக்கொண்டே சொன்ன தீர்ப்பு. விஞ்ஞான ஆசிரியர் என்னோடு காட்சி அறைவரை வந்து, தன் கையாலேயே அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் முழுக்க மன்னித்துவிட்டேன்.

ஆக எங்கள் பறவைக்கு அளவு சரி, வாய் தப்பு. அய்யனார் கோயில் பறவைக்கு அளவு தப்பு, வாய் சரி. பூராவும் சரியான பறவை இன்னும் எங்கும் இல்லை. இதை எல்லாம் விவரமாக எழுதி, பறவை எப்படி இருக்கிறது என்று விசாரித்துச் சின்னையா வேளாருக்கு ஒரு கடிதம் போட்டேன்.

பதில் வந்துவிட்டது. வேளார் சொல்ல யாரோ எழுதியிருக்கிறார்கள். 'பறவை சௌக்கியம். ஒரு பல்லும் விழவில்லை. போன புரவியெடுப்புக்கும் எனக்குத்தான் பிடிமண் கொடுத்தார்கள். அப்போது அதற்கும் வெள்ளை அடித்தோம். இந்தப் பக்கம் அது யாரையும் கடிக்கவில்லை. அங்கே உங்களை மறுபடியும் கடிக்கவில்லையே? மீனாட்சி கேட்கச் சொல்கிறாள்.'

இல்லை, அதன்பிறகு எந்தப் பறவையும் என்னைக் கடிக்கவில்லை என்று உடனே எழுதிப் போட்டேன். அது உண்மைதானே.